பூட்டின் மேல் ஒரு கை

1

எங்கள் வீட்டுச் சாமான் அறையின் பூட்டை நான் உடைத்து ஒரு வருடம் ஆகிறது. அதுவும் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை. மேற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்தச் சிறு ஊரில் அன்றைக்குப் பனி கரையாமல் சாலையோரம் கறுத்துக் கிடந்தது. இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கிறது.

பூட்டோடு என் மனைவி அருள்மேரியின் வலது மணிக்கட்டும் உடைந்தது. மணிக்கட்டில் இரண்டு எலும்புகள், நடுவிரலில் ஒன்று. அவள் நர்ஸ். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். விபத்துப் பிரிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். “காயம் ஏற்பட்ட விதம்” என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று டாக்டர் கேட்டார்.

“கதவு,” என்றாள் அருள்மேரி.

“கதவா?” என்று இன்னொரு தடவை கேட்டார். என்னைப் பார்த்தார். அன்று என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. சட்டையில் குழம்பு காய்ந்திருந்தது.

எங்கள் மகள் ரீட்டாவுக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், யாரும் கேட்காமலே, சுத்தமான ஜெர்மனில் சொன்னாள்: “அப்பாவுக்குப் பசி. அம்மா நடுவில் நின்னாங்க.”

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். பிறகு “கதவு” என்றே எழுதினார். நான் திருச்சியில் ஐந்து வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவன். பொய்ச் செய்தி எப்படி அச்சேறுகிறது என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து, மாவுக்கட்டுக் கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு அருள்மேரி பேசினாள். குரல் உயரவில்லை.

“ரீட்டாவை உங்ககிட்ட விட்டுட்டு இனி நான் டூட்டிக்குப் போக மாட்டேங்க. ஜூலையில ஊருக்குப் போறோம்ல, அங்க சிஸ்டருங்க போர்டிங்ல அவளைச் சேர்த்துடப் போறேன். நீங்களும் நானும் ஒரே வீட்டுல இருக்கிறதா வேணாமான்னு அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்.”

அன்றிலிருந்து ரீட்டா என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஜூலைக்கு நான்கு மாதம் இருந்தது.

2

அடி எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். பாலக்கரையில் கோயிலுக்குப் பின்தெருவில் ஓட்டு வீடு. அம்மா நான் ஒன்பதாவது படிக்கும்போதே இறந்துவிட்டாள். அதன் பிறகு அண்ணன் சவரிதான் சமைத்தான். அப்பாவும் இரண்டு பையன்களும் ஒரு அடுப்பும். அதுதான் குடும்பம்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி. எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நாள் முழுவதும் ஒரே வேளைச் சாப்பாடு, அதிலும் கறி கூடாது. அப்பா வெறும் வயிற்றோடு சம்மட்டி தூக்குவார். மாலை ஐந்தரைக்கு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டும் சத்தம் கேட்கும். அதற்குள் சோறு வடித்து, குழம்பு இறக்கி, தட்டு வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு வேளையில் அவர் மூன்று வேளையையும் சாப்பிடுவார். யாரும் பேசக் கூடாது. நோன்பை அவர் முடிப்பதைப் பார்த்தால், காலையிலிருந்து யாரையோ அடிக்கக் காத்திருந்தவர் மாதிரி இருக்கும்.

எழுபதாம் வருடம், எனக்குப் பதினாறு வயது. கருவாட்டுக் குழம்பு. சைக்கிள் சத்தம் கேட்பதற்கு முன் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து விழுங்கினேன். பிறகு இன்னொன்று. அப்பா உட்கார்ந்ததும் சட்டிக்குள் பார்த்தார்.

“எவன்டா கை வெச்சது?”

“நான்தாம்ப்பா,” என்றான் சவரி.

அப்பா குழம்புக் கரண்டியாலேயே அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது புருவத்தில். மூன்றாவது அடியில் கரண்டியின் காம்பு வளைந்தது. சவரி சுவரில் சாய்ந்து நின்றான், முகத்தில் ரத்தமும் குழம்புமாக. அப்பா என் பக்கம் திரும்பி, “நீ சாப்பிடு,” என்றார்.

நான் சாப்பிட்டேன். பயத்தில் தொண்டை அடைத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அடைக்கவில்லை. என் தட்டை முடித்தேன். சவரிக்கு வைத்திருந்ததையும் முடித்தேன்.

மறுநாள் காலை ஒரு கண் மூடிக் கிடந்த நிலையில் சவரி கேட்டான்: “துண்டு நல்லா இருந்துச்சாடா?”

“உப்பு கூட.”

“அடி வாங்கினவனுக்குச் சமைக்கவும் தெரியலையாக்கும். அடுத்த தடவ நீயே சமைச்சு நீயே அடி வாங்கு.”

இருவரும் சிரித்தோம்.

3

எழுபத்து மூன்றில் ஒரு நாளிதழின் திருச்சி அலுவலகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் நிருபரானேன். வேலை பிடித்திருந்தது. சாப்பாடு இன்னும் பிடித்திருந்தது. மணப்பாறைச் சந்தைச் செய்திக்குப் போய்விட்டு அலுவலகத்துக்கென்று ஒரு பை முறுக்கு வாங்கினால், பஸ் திருச்சி வந்து சேரும்போது பைதான் மிஞ்சும்.

என் செய்திகளைத் திருத்துபவர் பார்த்தசாரதி, ஸ்ரீரங்கத்துக்காரர். டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கொண்டுவருவார். பாதி எனக்கு. நான் சாப்பிடுவதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

“நீர் சாப்பிடறதில்ல ஓய், தீர்த்துக் கட்டறீர். அந்தச் சாதத்துக்கு உம்ம மேல என்ன விரோதம்?”

எழுபத்தேழில் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் ஸ்ரீரங்கத்தில் பார்த்தசாரதியின் தெருக்காரர்கள் சேர்ந்து புளியோதரை கிளறிப் பொட்டலம் கட்டி லாரியில் உறையூர்ப் பக்கம் அனுப்பினார்கள். லாரியோடு அவர் வந்தார். செய்திக்காக நான் போயிருந்தேன்.

முழங்கால் சேற்றில் முந்நூறு பேர் நின்றார்கள். லாரியின் பின்கதவு இறங்கியதும் புளியும் நல்லெண்ணெயும் மணத்தது. அந்தக் கணத்திலிருந்து நான் நிருபர் இல்லை. காலையில் எட்டு இட்லி சாப்பிட்டிருந்தேன். பசி கொஞ்சமும் இல்லை. இது முக்கியம், அதனால் எழுதுகிறேன். எனக்கு முன்னால் ஈரத் துண்டைக் கட்டிய ஒரு ஆள், தோளில் ஒரு சிறுமியோடு, இரண்டு கையையும் நீட்டி இரண்டு பொட்டலம் வாங்கினார். முழங்கையால் அவர் வாயில் இடித்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். சிறுமி சேற்றில் விழுந்து அலறினாள். அவர் துப்பியதில் ஒரு பல் இருந்தது. பொட்டலங்களை எடுத்துக்கொண்டு லாரியின் முன்பக்கம் போய், சக்கரத்தோடு ஒட்டி நின்று, இரண்டையும் தின்றேன். ஒரு வாழையிலையில் ரத்தம் பட்டிருந்தது. அந்த ஓரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தின்றேன்.

அலுவலகத்தில் செய்தி எழுதினேன்: “உணவுப் பொட்டலங்களுக்காகப் பொதுமக்கள் முண்டியடித்தனர். இதில் ஒருவர் காயமடைந்தார்.”

பார்த்தசாரதி அந்த வரியின் மேல் பேனாவை வைத்தார். “ஒருத்தர் காயம்னு போட்டிருக்கீர். காயப்படுத்தினவா யாரு ஓய்?”

“கூட்டம்.”

“கூட்டத்துக்கு ஏது ஓய் முழங்கை?”

அவர் பார்த்திருந்தார். ஆனாலும் செய்தியை அப்படியே அனுப்பினார். அதன் பிறகு எனக்குத் தயிர்சாதம் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

4

எழுபத்தெட்டில் எனக்கும் அருள்மேரிக்கும் கல்யாணம். அவள் மேலப்புதூர்ப் பெண். நான்கு வருடமாக ஜெர்மனியில் நர்ஸ். விடுமுறையில் வந்தவளைப் பெண் பார்த்து, அதே விடுமுறைக்குள் திருமணம் முடிந்து, அவள் பின்னால் நான் விமானம் ஏறினேன்.

என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள்: தங்கலாம், வேலை செய்யக் கூடாது. நர்ஸ்களின் கணவன்மார் எங்களில் பலருக்கும் அந்த முத்திரைதான். வருடம் ஒருமுறை வெளிநாட்டினர் அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். முதல் வருடம் அங்கிருந்த அம்மாளை, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், மரியாதைச் சொல் வராமல் “நீ” என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஊரில் என்ன வேலை?” “பத்திரிகை நிருபர்.” “இங்கே?” “சமையல்.” அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆறு வருடம் அப்படி இருந்தேன். அருள்மேரி ஷிப்டுக்குப் போவாள். நான் சமைப்பேன், குழந்தையைப் பார்ப்பேன், சாப்பிடுவேன். வெண்ணெய் தடவிய ரொட்டி, அதன்மேல் பன்றி இறைச்சி, அதன்மேல் எலுமிச்சை ஊறுகாய். நேற்றைய சோறு. ரீட்டா தட்டில் மிச்சம் வைத்தது. கதவில் அருள்மேரியின் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் வாயில் இருப்பதை மெல்லாமல் விழுங்குவேன்.

ரீட்டா வளர்ந்தாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள், என் ஜெர்மனைத் திருத்துவாள். கடைசியில் அவளிடம் மிஞ்சிய தமிழில் அதிகம் புழங்கிய சொல் “போதும்”. அவள் தட்டில் நான் சோறு வைக்கும்போது சொல்வது. நான் இன்னும் ஒரு கரண்டி வைப்பேன்.

எண்பத்து நான்கில் வேலைக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அரைநாள் வேலை. அதற்கான பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு, குறைக்காவிட்டால் கண்ணும் காலும் போகும் என்றார்.

இங்கேதான் எங்கள் ஊர்க் கிறிஸ்தவன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தியை எல்லா நாளுக்குமாக நீட்டினேன். காலையில் கறுப்புக் காப்பி. பிறகு மாலை ஆறு மணி வரை ஒன்றுமில்லை. தலை சுற்றும், கை நடுங்கும், சலவைக்கூடத்தில் யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். அதை நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பானை காலியாகும் வரை எழுந்திருக்க மாட்டேன். டாக்டர் அடுத்த தடவை, “ஒரு நாளைக்கு எத்தனை வேளை?” என்று கேட்டார். “ஒன்று,” என்றேன். அது பொய்யில்லை. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த ஒரு வேளை எவ்வளவு பெரியது என்று கேட்கவில்லை. ஒரு வருடத்தில் ஒன்பது கிலோ கூடினேன்.

நோன்பால் நான் மெலியவில்லை. அப்பாவாக ஆகிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குச் சாப்பாடு ஐந்து நிமிடம் தாமதமானால் தட்டைச் சுவரில் எறிந்தேன். ஒருமுறை நாற்காலியை.

5

சாமான் அறைக்குப் பூட்டு வாங்கிவந்தது அருள்மேரி. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில், மாதா சுரூபத்தோடு தொங்கியது. தடுத்தால் கை தானாகப் பழகிவிடும் என்று நம்பினாள். நோயாளிகளிடம் அது பலித்திருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காக வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு உள்ளே குளிர்ந்துகொண்டிருந்தது. மணி நாலரை. காலையிலிருந்து காப்பி மட்டும்.

“சாவியைக் கொடு.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க. ஆறு மணிக்குப் பருப்பும் சோறும் தரேன்.”

“சாவியைக் கொடுன்னு சொன்னேன்.”

“குடுக்க மாட்டேன். வேணும்னா கத்துங்க. கத்தறதுல சர்க்கரை ஏறாது.”

கருவிப்பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துவந்தேன். முதல் அடியில் கொண்டி வளைந்தது. இரண்டாவதில் கதவுச் சட்டம் கீறியது. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது அருள்மேரி பூட்டின் மேல் கையை வைத்தாள்.

அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான். கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கொண்டி கழன்று தொங்கியது. நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். சட்டியின் மூடியைத் தள்ளி, உறைந்த கொழுப்போடு ஒரு கை அள்ளித் தின்றேன். பிறகு இன்னொரு கை. திரும்பியபோது ரீட்டா கூடத்து வாசலில் நின்றிருந்தாள். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

சவரியின் புருவம், அந்த ஆளின் பல், அருள்மேரியின் மணிக்கட்டு. மூன்று முறை ரத்தத்துக்கும் வலிக்கும் பக்கத்தில் நின்று தின்றிருக்கிறேன். மூன்று முறையும் பசி ஒரு சாக்கு.

6

அடுத்த திங்கட்கிழமை காலை அருள்மேரி இடது கையால் இரண்டு துண்டு ரொட்டியை என் முன்னால் தள்ளினாள்.

“சாப்பிடுங்க.”

“தவக்காலம்.”

“இதுதான் இனி உங்களுக்குத் தவம். காலையில தினமும் இதைச் சாப்பிடணும். மத்தியானம் சாப்பிடணும். நாலு மணிக்கு ஒரு ஆப்பிள். பட்டினி கிடந்தீங்கன்னா அதுதான் பாவம், போய்ச் சாமியார்கிட்ட சொல்லுங்க.”

காலையில் சாப்பிடுவது பட்டினியைவிடக் கடினமாக இருந்தது. நோன்பில்லாத மனிதனாக எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு துண்டில் நிறுத்தும்போது உடம்பு முழுவதும் கத்தியது.

எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைக் கையில் எடுத்தேன். ஒரு பள்ளி நோட்டு வாங்கி, சாப்பாட்டு வெறி வரும்போதெல்லாம் அதைச் செய்தியாக எழுதினேன். எப்போது, எங்கே, யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. எழுதி முடிக்கும் வரை வாயில் எதையும் போடுவதில்லை. இது மட்டும்தான் விதி.

சில செய்திகள்:

“மாலை 4.10. சமையலறை. தனியாக. வெளிநாட்டினர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, பிரிக்கவில்லை. வேண்டியது: ரொட்டி, அரை கிலோ. 4.35க்கு வெறி இல்லை. கடிதம் இருக்கிறது.”

“மதியம் 1.20. சலவைக்கூடம். மேஸ்திரி என்னை எல்லார் முன்னாலும் யானை என்றான். அவனை அடிக்கத் தோன்றியது. அடுத்த கணம் சாக்லேட் தோன்றியது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தன.”

“மாலை 5.30. கதவில் சாவி சத்தம். பசி இல்லை. ஆனாலும் கை ரொட்டிப் பெட்டிக்குள் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது.”

இரண்டு மாதத்தில் நோட்டு பாதி நிரம்பியது. புரூஃப் பார்ப்பதுபோல் படித்தேன். வயிறு காலியாக இருந்ததால் வந்த வெறி மிகக் குறைவு. காலைச் சாப்பாடு வந்த பிறகு அதுவும் போயிற்று. மற்றவை பயத்தால் வந்தன, அவமானத்தால் வந்தன, அடிக்க ஓங்கிய கைக்கு வேறு வேலை கொடுக்க வந்தன. வந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம் சுவரை இடிக்கும். பிறகு போய்விடும். அத்தனை வருடமும் அது போகும் என்றே எனக்குத் தெரியாது. போக ஒருமுறையும் விட்டதில்லை.

எல்லா நாளும் வெல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுக் கேக்கை நின்றபடி தின்றேன். அதையும் எழுதினேன். ஜூலையில் விமானம் ஏறும்போது நூற்று ஆறு கிலோ. ரீட்டா அப்போதும் தன் அறையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

7

பாலக்கரை வீட்டில் இப்போது சவரி குடும்பம் இருக்கிறது. அப்பா இரண்டு வருடமாகப் பக்கவாதத்தில் படுக்கை. சம்மட்டி தூக்கிய வலது கை விறகுபோல் கிடந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் தெளிவாக இருந்தது: “கறி.” விழுங்க முடியாது, புரையேறும். கஞ்சிதான். மூன்று வேளையும் சவரி ஊட்டினான்.

போய்ச் சேர்ந்த வாரமே அருள்மேரி சிஸ்டர்களைப் பார்த்துவிட்டு வந்தாள். போர்டிங் படிவம் முழுவதையும் நிரப்பினாள். விரல்கள் சரியாக மடங்காததால் எழுத்து கோணியிருந்தது. தகப்பன் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி. அதை அலமாரி மேல் வைத்தாள். “அவசரம் இல்லீங்க. பதினெட்டாந் தேதிக்குள்ள போடுங்க,” என்றாள்.

பதினாறாம் தேதி மதியம். எல்லாரும் வீட்டில் இருந்தோம். சாப்பாட்டுக்கு முன் சவரி அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். அப்பா வாயை இறுக்கி மூடினார்.

“தெற.”

“கறி.”

“கறியும் இல்ல மண்ணும் இல்ல. தெற வாயை.”

அப்பா திறந்தார். வாங்கிய கஞ்சியைச் சவரியின் முகத்தில் துப்பினார். சவரி இடது கையால் அவர் தாடையைப் பிடித்து, பித்தளைக் கரண்டியின் பின்புறத்தால் வாயில் அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே சீராக. உதடு கிழிந்தது. கஞ்சி இளஞ்சிவப்பாக வழிந்தது. “முழுங்கு. முழுங்குங்கறேன்ல.” அப்பா அவனைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

நான் சவரியின் கையைப் பிடித்தேன்.

“அண்ணே, விடு. செத்துருவாரு.”

“கையை எடுடா. ரெண்டு வருஷமா பீ மூத்திரம் அள்ளுறது நானு. நீ ஏரோப்ளேன்ல வந்து இறங்கி எனக்கு நியாயம் சொல்றியா?” கரண்டியை என் பக்கம் நீட்டினான். “உன் பொண்டாட்டி கை எப்படிடா ஒடிஞ்சுது? கதவாம்ல? எனக்கு எழுதினியே. எந்த ஊருக் கதவுடா மணிக்கட்டைப் பார்த்து ஒடைக்குது? அடி வாங்கி வளந்தவன்கிட்ட கதவுங்கிறியே!”

அண்ணி சமையலறையிலிருந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் அருள்மேரி. ரீட்டா ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

கூட்டத்துக்கு முழங்கை கிடையாது என்று ஒருவர் சொல்லிப் பத்து வருடம் ஆகப்போகிறது.

“கதவு இல்ல,” என்றேன். “நான்தான் அடிச்சேன். சுத்தியலால. அவ பூட்டு மேல கையை வெச்சா.”

“தெரியாம பட்டிருச்சுங்க,” என்றாள் அருள்மேரி, சவரியிடம். பழக்கத்தில் வந்த வார்த்தை அது.

“தெரியாம இல்ல. கை வந்ததைப் பார்த்தேன். நிறுத்த நேரம் இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் அடிச்சேன். அடிச்சுட்டு, அவளைத் தூக்கிவிடாம, உள்ள போய்க் கறியைத் தின்னேன். ரீட்டா பார்த்தா.”

அருள்மேரிக்கு அதில் முதல் பாதி தெரியாது. அல்லது தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருக்கிறாள். தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

சவரி கரண்டியைக் கிண்ணத்தில் போட்டான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். “நானும் பார்த்துட்டுத்தான்டா அடிக்கிறேன்,” என்றான். “தினமும்.”

அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். ஈரத்துணியால் அப்பாவின் வாயைத் துடைத்தாள். “இனிமே நான் ஊட்டுறேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க,” என்றாள். நாங்கள் போகவில்லை. எங்களுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை.

ரீட்டா அம்மாவிடம் ஜெர்மனில் கேட்டாள்: “அப்பா அதை எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரா?”

“ஆமா. சொல்லிட்டாரு,” என்றாள் அருள்மேரி, தமிழில்.

8

பதினெட்டாம் தேதி காலை நான் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அருள்மேரி கேட்டால் மறுக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அதை அவளிடம் நீட்டினேன். அவள் கையெழுத்தைப் பார்த்தாள், நான்காக மடித்தாள்.

“இந்த வருஷம் சேர்க்கலங்க. என்கூடவே வரட்டும். ஆனா இதைக் கிழிக்க மாட்டேன். என் பெட்டியிலதான் இருக்கும். இன்னொரு தடவை கை ஓங்கினீங்கன்னா அன்னைக்கே டிக்கெட் போட்டுருவேன். அவளுக்கும் எனக்கும்.”

“சரி.”

“சரிங்கறதை உங்க நோட்டுல எழுதுங்க.”

எழுதினேன்.

திரும்பி வந்து ஏழு மாதம் ஆகிறது. தொண்ணூற்றெட்டு கிலோ. சர்க்கரை இறங்கியிருக்கிறது, போகவில்லை, போகாது என்கிறார் டாக்டர். அவரிடம் என் ஒரு வேளையின் அளவைச் சொன்னேன். “கதவு” என்று எழுதியது பொய் என்று விபத்துப் பிரிவிலும் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பெண், பழைய படிவத்தில் திருத்தம் செய்ய இடமில்லை என்றாள். அருள்மேரி டூட்டிக்குப் போகிறாள், ஊசி போடும் வேலை இல்லாத வார்டில். ரீட்டாவைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டுத்தான் போகிறாள். நோட்டு மூன்றாவது நடக்கிறது. நேற்றுக்கூட ஒரு செய்தி உண்டு.

இன்று தவக்கால வெள்ளிக்கிழமை. நான் காலையில் சாப்பிட்டேன். மதியம் மேஜையில் சோறும் பருப்பும் கீரையும் வைத்தோம். ரீட்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வழக்கம்போல் தட்டை எடுத்தாள். அறைப் பக்கம் போகவில்லை. மேஜையின் அந்தக் கோடியில், வாசலுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கையைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து வாய் சாப்பிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் ஷூவைக் கழற்ற வேண்டும் என்பது இந்த நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். ரீட்டா கழற்றவில்லை. வார் கட்டியபடியே இருந்தது. பனிச்சேறு உருகி நாற்காலிக்கடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கழற்று என்று நான் சொல்லவில்லை.